உணவை மாற்றினால் மூளையின் ரத்தக்குழாய் மாறுவது ஸ்கேனில் தெரியுமா?

வாசகர் கேள்வி, ஜனவரி 8

"ஆறு மாதமாக உப்பு, சர்க்கரை, பொரித்தது எல்லாம் குறைத்துவிட்டேன். ஆரம்பிக்கும் முன்பே மூளைக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்து வைத்திருக்கிறேன். இப்போது இன்னொன்று எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரத்தக்குழாய்கள் எவ்வளவு சுத்தமாகியிருக்கின்றன என்று தெரிந்துவிடும் அல்லவா? மருத்துவர் வேண்டாம் என்கிறார். காரணம் சொல்லவில்லை."

ஜனவரி 8, இரவு

ஸ்கேனில் அது தெரியாது. மருத்துவர் சொன்னது சரி, காரணத்தையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

நான் எம்ஆர்ஐ இயந்திரத்தை இயக்கும் வேலையில் இருப்பவன். நோயாளிகள் தவிர, உணவு ஆய்வுகளுக்காக வரும் ஆரோக்கியமானவர்களையும் படம் எடுத்திருக்கிறேன். அதனால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கமானது. இயந்திரத்துக்குள் போகும் முன் பலரும் கேட்பது இதைத்தான்.

முதல் காரணம் அளவு. சாதாரண மூளை எம்ஆர்ஐயில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். உணவும் ரத்த அழுத்தமும் அதிகம் பாதிப்பது மூளையின் ஆழத்துக்குப் போகும் நுண்தமனிகளை. அவற்றில் ஓரளவு பெரியவையே ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். தந்துகிகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. 7 டெஸ்லா (காந்தத்தின் வலிமையைச் சொல்லும் அலகு) ஆய்வு இயந்திரங்களில் அந்த ஆழத் தமனிகளை ஓரளவு பார்க்கலாம். மருத்துவமனைகளில் இருப்பது பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. அதில் எடுக்கும் ஆஞ்சியோ படத்தில் தெரிவது பெரிய குழாய்கள் மட்டுமே, அதுவும் உள்ளே ரத்தம் ஓடும் பாதைதான். குழாயின் சுவர் அல்ல.

ஆகவே "சுத்தமாகியிருக்கிறதா" என்று பார்ப்பதற்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

ஜனவரி 9

"அப்படியானால் ரிப்போர்ட்டில் ரத்தக்குழாய் மாற்றங்கள் என்று எழுதுகிறார்களே, அது என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தண்ணீர் சேராமல் காய்ந்த வயல் தெரியும் அல்லவா, அதுதான். ஃபிளேர் என்ற வகைப் படத்தில் மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பிழைகள் ஓடும் உட்பகுதியில், பளிச்சென்று வெள்ளைத் திட்டுகள் தெரியும். நுண்தமனிகள் நலிந்து, சுற்றியுள்ள திசு நெடுங்காலம் குறையோட்டத்தில் இருந்ததன் தடம் அவை என்பதுதான் பொதுவான கருத்து. 1987ல் ஃபசேகாஸ் என்ற ஆஸ்திரிய நரம்பியல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை 0 முதல் 3 வரை தரம் பிரிக்க ஒரு முறை தந்தார்கள். இன்றும் ரிப்போர்ட்டில் 'ஃபசேகாஸ் 1' என்று பார்ப்பது அதிலிருந்து வந்தது. ஆய்வுகளில் கணினி மென்பொருள் திட்டுகளின் மொத்தக் கன அளவை மில்லிலிட்டரில் கணக்கிடும்.

அறுபது வயதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோருக்குக் கொஞ்சமாவது இருக்கும். வயதும் ரத்த அழுத்தமும்தான் முதல் இரண்டு காரணங்கள். ரிப்போர்ட்டில் அந்த வரியைப் படித்துவிட்டு, பக்கவாதம் வந்துவிட்டது என்று அழுதுகொண்டே என்னிடம் திரும்பி வந்த ஒரு பெண்மணியை மறக்க முடியவில்லை. ரிப்போர்ட்டைப் படித்துக் காட்ட யாரும் அவருடன் இரண்டு நிமிடம் உட்காரவில்லை. அது எனக்கு இன்னும் கோபம் தருகிறது.

இந்தத் திட்டுகளோடு சிறு குழிகள், நுண்கசிவுகள், குழாயைச் சுற்றிய இடைவெளி விரிவது என வேறு தடங்களும் உண்டு. பெயர்களும் அளவுகளும் ஆளுக்கு ஆள் மாறியதால் 2013ல் பொதுவான விதிமுறை ஒன்று வந்தது. அதற்கு முந்தைய ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது கவனம் தேவை.

ஜனவரி 11

சரி, ஒரு ஆளிடம் தெரியாதது பல நூறு பேரைச் சேர்த்துப் பார்த்தால் தெரியுமா? தெரியும், அதற்குத்தான் ஆய்வுகளில் எம்ஆர்ஐ.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டன் ஆய்வு. 2012ல் வெளியானது. 966 பேர், சராசரி வயது 72. என்ன சாப்பிடுகிறார்கள் என்ற கேள்வித்தாளும், பிறகு எடுத்த மூளை எம்ஆர்ஐயும். மத்தியதரைக்கடல் பாணி உணவுக்கு (காய், பழம், பருப்பு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் அதிகம், இறைச்சி குறைவு) நெருக்கமாகச் சாப்பிட்டவர்களிடம் வெள்ளைத் திட்டுகளின் அளவு குறைவாக இருந்தது. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. உணவின் கூறுகளைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தபோது தாக்குப்பிடித்தது ஒன்றே ஒன்று: ஒற்றை நிறைவுறாக் கொழுப்புக்கும் (ஆலிவ் எண்ணெயில் இருப்பது போன்றது) நிறைவுற்ற கொழுப்புக்கும் (நெய், இறைச்சியில் இருப்பது போன்றது) உள்ள விகிதம். 'இது சாப்பிடு, அது சாப்பிடாதே' என்ற பட்டியல் எதுவும் தனியாக நிற்கவில்லை.

நல்ல வேலைதான். ஆனால் ஒரு முறை கேட்ட உணவு, ஒரு முறை எடுத்த படம். முதலில் திட்டுகள் எவ்வளவு இருந்தன என்று யாருக்கும் தெரியாது. நன்றாகச் சாப்பிடுபவர்கள் மாத்திரையையும் ஒழுங்காகப் போடுபவர்களாக, நேரத்துக்குத் தூங்குபவர்களாக இருக்கலாம். கணக்கு எவ்வளவு சரிக்கட்டினாலும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகாது.

ஜனவரி 11, பின்னிரவு

கேள்வித்தாள் பற்றி இன்னும் கொஞ்சம். எனக்கு இதில் ஸ்கேனை விட அக்கறை அதிகம்.

காத்திருப்பு அறையில் ஒரு பெரியவர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். மனைவி பக்கத்தில். "வாரத்துக்கு எத்தனை தடவை மீன் சாப்பிடறேன்?" என்று அவரைக் கேட்டார். "ஒரு தடவை" என்றார் மனைவி. "இல்லை, மூணு இருக்கும்" என்று மூன்றையே எழுதினார் அவர். அந்த மூன்று நேராகக் கணினிக்குப் போனது. உள்ளே வந்த பிறகு அவர் தலையை அசைக்காமல் இருக்க நுரைத்தலையணை வைத்து, ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துக்காக நான் அவ்வளவு பாடுபட்டேன்.

படத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு மல்லுக்கட்டுகிறோம். தட்டில் என்ன இருந்தது என்பதில் மூன்று மடங்கு வித்தியாசத்தை விட்டுவிடுகிறோம். இந்தத் துறையின் பலவீனமான இடம் காந்தம் அல்ல, தட்டு.

ஜனவரி 12

அதற்கு மாற்று உண்டா என்று கேட்டவருக்கு: உண்டு. ஆளைக் கேட்காமல் ரத்தத்தைக் கேட்கலாம். சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அதன் சவ்வில் ஒமேகா-3 எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் கடந்த சில மாதச் சாப்பாடு தெரியும், நேற்றையது மட்டுமல்ல. அமெரிக்காவில் நெடுங்காலமாக நடக்கும் ஃபிராமிங்ஹாம் இதயநல ஆய்வில் இப்படிச் செய்தார்கள். 2012ல் வந்த முடிவு: சிவப்பணுவில் டிஎச்ஏ (மீனில் உள்ள ஒரு வகை ஒமேகா-3) மிகக் குறைவாக இருந்தவர்களுக்கு மூளையின் கன அளவு சற்றுக் குறைவு, வெள்ளைத் திட்டுகள் அதிகம். இதுவும் ஒரு நேரத்துப் படம்தான், ஆனாலும் உணவுப் பக்கத்தை நான் அதிகம் நம்புவேன்.

ஜனவரி 12, கொஞ்சம் கழித்து

இதைப் படித்துவிட்டு "அப்போ மீன் எண்ணெய் மாத்திரை போதும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்லவில்லை. அந்த ஆய்வு மாத்திரையைச் சோதிக்கவில்லை. அமெரிக்காவின் இதயநாள நல ஆய்வில், 2008ல் வெளியானது, வாரம் மூன்று முறை அல்லது அதற்கு மேல் சூரை போன்ற மீன்களைப் பொரிக்காமல் சாப்பிட்ட முதியவர்களிடம், மூளையில் அறிகுறியே காட்டாத சிறு திசுச் சாவுகள் எம்ஆர்ஐயில் நான்கில் ஒரு பங்கு அளவு குறைவாக இருந்தன. பொரித்த மீனுக்கு அந்தத் தொடர்பு இல்லை. மீன் என்றாலும் சமைக்கும் விதம் வேறு. மாத்திரைக்கு எட்டாத விஷயங்கள் இதில் இருக்கின்றன.

ஜனவரி 15

"தடம் வேண்டாம், ஓட்டத்தையே நேரடியாக அளக்க முடியாதா?" இந்தக் கேள்வி நல்ல கேள்வி.

முடியும். 1992ல் வந்த ஒரு முறை இருக்கிறது, சுருக்கமாக ஏஎஸ்எல் என்போம். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. கழுத்தில் மேலேறும் ரத்தத்தின் நீரையே காந்தத்தால் குறியிட்டு, இரண்டு விநாடி போல விட்டு, அது மூளையில் போய்ச் சேரும்போது படம் எடுப்போம். குறியிடாமல் இன்னொன்று எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஓட்டம் கிடைக்கும். கழித்து மிஞ்சுவது மொத்த சிக்னலில் நூற்றில் ஒன்று அளவுதான். அதனால் பல ஜோடி எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். தலை கொஞ்சம் அசைந்தாலும் போச்சு. வெண்பொருளில் ஓட்டம் இயல்பாகவே குறைவு என்பதால் அங்கே இன்னும் சிரமம். நமக்கு முக்கியமான இடமே வெண்பொருள்தான் என்பதுதான் வருத்தம்.

அப்புறம் காபி. 250 மில்லிகிராம் காஃபீன், அதாவது இரண்டு பெரிய கோப்பை, மூளை ரத்த ஓட்டத்தைச் சராசரியாக 27 சதவீதம் குறைத்தது என்று 2009 ஆய்வு ஒன்று காட்டியது. குறுகியகால விளைவு இது. தினமும் குடிப்பவர்களின் உடல் ஓரளவு பழகிக்கொள்கிறது. காபி மூளையைக் கெடுக்கிறது என்று இதை வைத்து யாரும் பயப்பட வேண்டாம். நான் சொல்ல வருவது வேறு: மூன்று மாத உணவுமாற்றத்தால் நாம் தேடும் வித்தியாசம் இதைவிடச் சின்னது. முதல் ஸ்கேனுக்குக் காபி குடிக்காமல் வந்து இரண்டாவதற்குக் குடித்துவிட்டு வந்தால் உணவின் விளைவு அதற்குள் மூழ்கிப்போகும். ஆய்வுக்கு வந்த ஒருவர் பழக்கதோஷத்தில் வழியில் குடித்துவிட்டு, கேட்டதும் உண்மையைச் சொன்னார். அன்றைய நேரம் முழுவதையும் ரத்து செய்து வேறு நாள் கொடுத்தோம். அவர் சங்கடப்பட்டார். எனக்கு அவர்மீது மரியாதைதான் கூடியது. சொல்லாமல் படுத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

ஜனவரி 16

பீட்ரூட் பற்றிக் கேட்டவர்கள் நிறைய. 2011ல் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தினர் ஏஎஸ்எல் முறையில் பார்த்தார்கள். நைட்ரேட் மிகுந்த உணவும் பீட்ரூட் சாறும் கொடுத்தபோது, முதியவர்களின் நெற்றிப்பக்க வெண்பொருளில் சில இடங்களில் ஓட்டம் கூடியது. மூளை முழுவதற்குமான ஓட்டம் மாறவில்லை. அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும். சிறு ஆய்வு, சில நாள் விளைவு. நைட்ரேட் உடலில் நைட்ரிக் ஆக்சைடாகி குழாயைத் தளர்த்தும் என்ற அடிப்படை உறுதியானது. அது ஆண்டுக்கணக்கில் குழாயைக் காக்குமா என்பது இந்தப் படத்திலிருந்து வராது.

கோகோவும் அப்படியே. 2014 ஆய்வு, 37 பேர், 50 முதல் 69 வயது, மூன்று மாதம். நாளுக்கு 900 மில்லிகிராம் ஃபிளேவனால் (கோகோவில் உள்ள ஒரு தாவரப்பொருள்) கலந்த பானம் குடித்தவர்களுக்கு, 10 மில்லிகிராம் குடித்தவர்களைவிட, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதியின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ரத்தக் கன அளவு கூடியது. படம் எடுத்த விதம் அழகு, கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு, மிகச் சிறிய பகுதியை நுணுக்கமாகப் பார்த்தார்கள். ஆனால் 37 பேர். பானத்தைத் தந்தது மார்ஸ் நிறுவனம், நிதியிலும் அதற்குப் பங்கு உண்டு. அவ்வளவு ஃபிளேவனால் கடையில் வாங்கும் சாக்லேட்டில் கிடைக்காது.

ஜனவரி 19

உப்பு. கேள்வி கேட்டவர் உப்பைக் குறைத்ததாகச் சொன்னார், அதை இத்தனை நாள் தொடாமல் விட்டேன்.

2018ல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்று என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. வழக்கத்தைவிட 8 முதல் 16 மடங்கு உப்புள்ள தீவனம். சில வாரங்களில் மூளை ரத்த ஓட்டம் கால் பங்குக்கு மேல் குறைந்தது, அதையும் ஏஎஸ்எல் எம்ஆர்ஐயிலேயே அளந்தார்கள். குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரியவில்லை, எலிகளின் நினைவுத்திறனும் குறைந்தது. ரத்த அழுத்தம் ஏறாமலேயே இது நடந்ததுதான் ஆச்சரியம். குடலில் உப்பு தூண்டிவிட்ட நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்-17 என்ற பொருளைச் சுரந்து, அது ரத்தத்தில் வந்து குழாயின் உட்சுவரில் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கிறது. சாதாரணத் தீவனத்துக்கு மாற்றியதும் மீண்டும் சரியானது.

எலிதான், அளவும் மிக அதிகம். ஆனால் உணவு, குடல், குழாய், ஓட்டம் என்று கண்ணி கண்ணியாகக் காட்டியதால் இதை மதிக்கிறேன். மனிதரில் இப்படித் தொடர்ச்சியாக யாரும் காட்டும் வரை "உப்பு மூளையைச் சுருக்கும்" என்ற தலைப்புகளைத் தள்ளி வைக்கலாம்.

ஜனவரி 22

இப்போது எல்லாரும் தவிர்க்கும் ஆய்வுக்கு வருகிறேன். மைண்ட் உணவு, அதாவது மத்தியதரைக்கடல் உணவையும் ரத்த அழுத்தத்துக்கான டாஷ் உணவையும் கலந்து மூளைக்கென்று வகுத்தது. குலுக்கல் முறையில் பிரித்து, மூன்று ஆண்டு நடத்தி, 2023ல் வெளியிட்டார்கள். 604 பேர், 65 வயதுக்கு மேல், குடும்பத்தில் மறதிநோய் உள்ளவர்கள், எடை அதிகம், அதுவரை சாப்பாடு சுமார். ஒரு பிரிவுக்கு மைண்ட் உணவு, மற்றொன்றுக்குப் பழைய சாப்பாடே. இரண்டு பிரிவுக்கும் கலோரியைச் சற்றுக் குறைக்கச் சொன்னார்கள். முடிவில் நினைவுத்திறனில் வித்தியாசம் இல்லை. எம்ஆர்ஐயிலும் இல்லை: வெள்ளைத் திட்டு, ஹிப்போகாம்பஸ், மூளையின் கன அளவு, எதிலும்.

கேள்வித்தாள் ஆய்வுகள் தந்த நம்பிக்கையை இது உடைத்தது. படித்த அன்று எனக்கு ஏமாற்றம்தான்.

ஜனவரி 23

நேற்று எழுதியதைத் தூங்கி எழுந்து மறுபடி யோசித்தேன். இரண்டு பிரிவினருக்கும் ஏறத்தாழ 5 கிலோ எடை குறைந்தது. இரண்டு பிரிவிலும் நினைவுத்திறன் மதிப்பெண் கொஞ்சம் கூடியது. ஒப்பீட்டுப் பிரிவும் மாறிவிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? எழுபது ஆண்டு சேர்ந்த மாற்றத்தை மூன்று ஆண்டில் படம் காட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமா?

இப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே போனால் எந்த ஆய்வாலும் எதையும் பொய்யென்று காட்ட முடியாது. அதுவும் எனக்கு உறுத்துகிறது. மைண்ட் உணவு மூன்று ஆண்டில் எம்ஆர்ஐயை மாற்றவில்லை. அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன்.

ஜனவரி 23, மாலை

"மூன்று நான்கு ஆண்டில் எதுவுமே படத்தில் தெரியாது என்கிறீர்களா?" இல்லை, ஒன்று தெரிந்தது.

ஸ்பிரின்ட் ஆய்வின் எம்ஆர்ஐ பிரிவு, 2019. ஒரு பிரிவில் மேல் ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவந்தார்கள், மற்றதில் 140க்குக் கீழே. 449 பேருக்கு இரண்டாவது ஸ்கேனும் முடிந்தது, இடைவெளி ஏறத்தாழ நான்கு ஆண்டு. வெள்ளைத் திட்டுகள் இரண்டிலும் கூடின. முதல் பிரிவில் 0.92 மில்லிலிட்டர், இரண்டாவதில் 1.45. அரை மில்லிலிட்டர் வித்தியாசம். அதுவும் குறைந்தது அல்ல, கூடுவது மெதுவானது. இது மருந்தால் வந்தது, உணவால் அல்ல. ஆனால் உப்பைக் குறைத்தால் ரத்த அழுத்தம் குறையும் என்பது 2001ல் டாஷ் சோடியம் ஆய்வில் நன்றாக நிறுவப்பட்டது. தட்டுக்கும் இந்தப் படத்துக்கும் நடுவே இருக்கிற வலுவான பாலம் ரத்த அழுத்தம்தான் என்று நான் நம்புவது இதனால்.

சீனாவில் 600 கிராமங்களில் 20,995 பேர், 2021. பாதிக் கிராமங்களில் சாதாரண உப்புக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பைக் கொடுத்து, மற்ற பாதியோடு ஒப்பிட்டார்கள். பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. அந்த முடிவு வந்தது முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு அல்ல, பக்கவாதம் வந்தவர்களை எண்ணி. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சில வகை ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள் அந்த உப்பை மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. பொட்டாசியம் ஏறினால் ஆபத்து.)

ஜனவரி 26

கழுத்து ஸ்கேன்: கழுத்துத் தமனிச் சுவரின் தடிமனை அல்ட்ராசவுண்டில் அளக்கலாம், மூளைக்குப் போகும் பாதை அது என்பதால் பொருத்தமான இடம். ஸ்பெயினின் கோர்டோபாவில் இதயநோய் உள்ள 1002 பேரிடம் ஆலிவ் எண்ணெய் மிகுந்த மத்தியதரைக்கடல் உணவையும் கொழுப்பு குறைந்த உணவையும் ஒப்பிட்டார்கள். ஐந்து ஆண்டில் முதல் பிரிவில் சுவர் 0.027 மில்லிமீட்டர் மெலிந்தது, ஏழாம் ஆண்டிலும் அது நீடித்தது. மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. நூற்றுக்கணக்கானோரின் சராசரியில் மட்டும் தெரியும் எண் அது. உங்களுக்கு ஒருமுறை எடுத்து, அடுத்த ஆண்டு வேறொருவர் எடுத்தால், கருவியை வைக்கும் கோணமே அதைவிட அதிக வித்தியாசம் தரும்.

ஜனவரி 26, இன்னொன்று

டாப்ளர் கேட்டவருக்கு: பொட்டில் வைத்து மூளைத் தமனியில் ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் முறை, 1982ல் வந்தது. வேகம்தான், அளவு அல்ல. சிலருக்குப் பொட்டெலும்பு தடித்திருப்பதால் ஒலி உள்ளேயே போகாது.

ஜனவரி 30

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "எடுத்தால் நஷ்டம் என்ன? கதிர்வீச்சு இல்லையே."

கதிர்வீச்சு இல்லை. ஆனால் தேடாதது கிடைக்கும். அறிகுறி இல்லாதவர்களின் மூளை எம்ஆர்ஐகளை 16 ஆய்வுகளிலிருந்து சேர்த்து, மொத்தம் 19,559 பேர், 2009ல் ஒரு கணக்கு வந்தது. ஏறத்தாழ 37 பேருக்கு ஒருவரிடம் எதிர்பாராத ஏதோ ஒன்று: சிறு கட்டி, நீர்ப்பை, தமனி வீக்கம். வெள்ளைத் திட்டுகளை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவற்றில் பலவும் வாழ்நாள் முழுக்கத் தொல்லை தராதவை. தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா? அடுத்த ஸ்கேன், அதற்கு அடுத்தது, இடையில் தூக்கமில்லாத இரவுகள். இயந்திரத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் அதை நிறையப் பார்த்துவிட்டேன்.

முன்பே எடுத்த படத்தை வீசிவிடாதீர்கள். பின்னாளில் ஏதாவது அறிகுறி வந்து மருத்துவர் ஸ்கேன் கேட்டால், எது பழையது எது புதியது என்று சொல்ல அது உதவும். இப்போதைக்கு வீட்டில் ஒரு ரத்த அழுத்தக் கருவி. காலையில் காபிக்கு முன், ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, பேசாமல், இரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். ஆறு மாத உணவுமாற்றம் உங்கள் குழாய்களுக்கு ஏதாவது செய்திருந்தால் முதலில் தெரியும் இடம் அதுதான்.

பிப்ரவரி 2

அவருடைய பதில்: தொடங்கும்போது 148/92, இப்போது 134/84. மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை என்கிறார்.

மகிழ்ச்சி. இந்த எண்களை அடுத்த முறை மருத்துவரிடம் தேதியோடு காட்டுங்கள். 134 இன்னும் கொஞ்சம் இறங்கலாம், மாத்திரை வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். உணவு ஆய்வு எதிலாவது சேரும் வாய்ப்பு வந்தால் தாராளமாகச் சேருங்கள், இந்தத் துறைக்கு ஆட்கள் தேவை. அங்கே மீன் எத்தனை முறை என்று கேட்டால், வீட்டில் சமைப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுங்கள்.